மழைநீர் வாருகாலில் கழிப்பறைத் தண்ணீர் எங்கே கலக்கிறது? கடற்கரை ஊர்க்காரர்கள் தாங்களே கண்டுபிடிக்கும் வழி

ராமநாதபுரம் மாவட்டத்தில், வடகடல் பக்கம் சின்ன ஊர் ஒன்றில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருக்கோடியில் மழைநீர் வாருகால் கடலில் போய் விழுகிறது. பாசி எடுக்கிற பெண்கள் இறங்குவதும் அங்கேதான், வள்ளம் கட்டுவதும் அங்கேதான். காலில் சொறி, ஆறாத புண் என்று அவர்கள் சொல்ல ஆரம்பித்தபோது, செப்டிக் டேங்க் தண்ணீர் கலக்கிறது என்று ஊரே சொன்னது. எந்தக் குழாய் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு வீட்டைக் கைகாட்டினார்கள்.

அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பதினொரு மாதம் ஆனது. வரிசையாகச் செய்திருந்தால் இரண்டு மாதம் போதும். பணத்திலும் பாதிக்கு மேல் வீண். அந்த வீண் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. கூட ஓர் ஆள் வேண்டும், விடிகாலை எழும் பழக்கம் வேண்டும், ஒரு கோடு போட்ட நோட்டு வேண்டும்.

1. கடலை விட்டுவிட்டு வாருகாலைப் பிடியுங்கள்

என் முதல் தப்பு, நேராகக் கடல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொடுத்தது. பகல் பன்னிரண்டு மணிக்குப் பிடித்தேன். முடிவு நல்லபடியாக வந்தது. பேரூராட்சி அலுவலகத்தில் அதையே எனக்கு எதிராகக் காட்டினார்கள். வெயிலும் உப்பும் சேர்ந்தால், மலத்தோடு வரும் ஈ. கோலை பாக்டீரியா வேகமாகச் செத்துப்போகும். போதாததற்கு நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறதோ அழுக்கு அந்தப் பக்கம் போய்விடும். நான் பிடித்த இடத்தில் அன்றைக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதல் வேலை, வாருகால்கள் கடலில் விழும் வாய்களைக் கணக்கெடுப்பது. கடல் நன்றாக உள்வாங்கியிருக்கும் வற்றத்தில் கரையோரமாக நடந்து போங்கள். நம் பக்கம் ஏற்றவற்ற வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான். ஆனால் கரை தட்டையாக இருப்பதால் அரை மீட்டர் ஏறினாலே குழாய் வாய் மூழ்கிவிடும். வற்றம் தினமும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். கரையில் வலை பொத்துகிறவரிடம் கேட்டால் நாளைக்கு எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுவார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் அதிகமாக இருக்கும். அப்போதுதான் எங்கள் ஊரில் எவருக்கும் தெரியாத இரண்டு குழாய்கள் வெளியே தெரிந்தன.

ஆனால் அமாவாசையன்று கணக்கெடுங்கள், மாதிரி எடுக்காதீர்கள். ராமேசுவரம், தேவிபட்டினம் போன்ற இடங்களில் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்குக் கூடும் கூட்டம் உங்களுக்கே தெரியும். அன்றைக்குக் கிடைக்கும் எண் அந்தத் திருவிழாவின் எண், உங்கள் தெருவின் எண் இல்லை.

ஒவ்வொரு வாய்க்கும் நம்பர் போடுங்கள். குழாயின் அகலம், தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா, நிறம், வாடை, சுவரில் சாம்பல் நிறத்தில் வழவழப்பு படிந்திருக்கிறதா, அடியில் கறுப்புச் சேறா, எல்லாம் நோட்டில் ஏற வேண்டும். டிஷ்யூ பேப்பர் தெரிந்தால் கழிவுநீர் என்று வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும். நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள், நம் குழாயில் பேப்பர் வராது. நாப்கின், குழந்தைகளின் டயப்பர் இவற்றைத் தேடுங்கள்.

2. மழை இல்லாத நாளில் போங்கள்

வேலை முழுவதற்கும் இதுதான் அடிப்படை. மழைநீர் வாருகாலில் மழை இல்லாத நாளில் தண்ணீர் ஓடக் கூடாது. ஓடினால் அது எங்கிருந்தோ வருகிறது. மழை நின்று குறைந்தது 72 மணி நேரம் கழித்துப் போங்கள். மழை இல்லாத நாளுக்கா நம் மாவட்டத்தில் பஞ்சம்? மாசி முதல் ஆவணி வரை தாராளமாகக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்கினால் ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணி, தெருநாய்க் கழிவு எல்லாவற்றையும் மழை அடித்துக்கொண்டு வந்து சேர்க்கும். எல்லா வாருகாலும் ஒரே மாதிரி அழுக்காகத் தெரியும்.

ஒரே இடத்துக்கு ஒரு நாளில் இரண்டு முறை போக வேண்டும்: விடிகாலை ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் ஒரு முறை, பிற்பகல் இரண்டரை வாக்கில் ஒரு முறை. வீடுகள் விழித்துக் குளிக்கும் நேரத்தில் ஓட்டம் ஏறி, பிற்பகலில் இறங்கினால் அது வீட்டுத் தண்ணீர். இரண்டு வேளையும் ஒரே அளவில் ஓடினால் குடிநீர்க் குழாய்க் கசிவாகவோ நிலத்தடி ஊற்றாகவோ இருக்கலாம். மீன் இறங்கும் இடமாக இருந்தால் ஐஸ் உருகிய தண்ணீரும் ஓடும். அது ஏலம் முடிந்த கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும்.

3. கையில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

நான் வாங்கியதையும் கொடுத்த காசையும் சொல்கிறேன். கடைக்குக் கடை மாறும்.

தண்ணீரின் மின்கடத்துதிறனை வைத்து உப்பு அளக்கும் இ.சி. மீட்டர், 2,200 ரூபாய். வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கும் பாக்கெட் டி.டி.எஸ். மீட்டரை முதலில் 350 ரூபாய்க்கு வாங்கி ஏமாந்தேன். அது 9,990 பி.பி.எம்.-க்கு மேல் காட்டாது. கடல் தண்ணீர் சுமார் 35,000 பி.பி.எம். மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் அம்மோனியா கிட், 700 ரூபாய். வாங்கும்போது உப்புத் தண்ணீருக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். நெஸ்லர் கரைசல் உள்ள கிட் வேண்டாம். உப்புத் தண்ணீரில் கலங்கிப்போய் நிறம் தெரியாது. சாலிசிலேட் முறைக் கிட்டாகப் பாருங்கள். 365 நானோமீட்டர் யுவி டார்ச், 600 ரூபாய். கள்ளநோட்டுப் பார்க்கும் மலிவு லைட்டில் பல ஊதாவாக வெளிச்சத்தைக் கொட்டும், மங்கலான ஒளிர்வு அதில் தெரியாமல் போய்விடும். காடாத்துணி இரண்டு மீட்டர், நீள ரப்பர் கையுறை, கம்பூட்ஸ், கயிறு கட்டிய சின்ன வாளி.

கையுறை இல்லாமல் இறங்காதீர்கள். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை, எலிக்காய்ச்சல் எல்லாமே இந்தத் தண்ணீரில் வரும். மேன்ஹோலுக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ தலையைக்கூட நீட்ட வேண்டாம். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் முதலில் மூக்கு மரத்துப்போகும், வாடை நின்றதுபோல் இருக்கும், அடுத்தது மயக்கம்தான். ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. எல்லா மாதிரியும் மேலே நின்று கயிற்று வாளியில்தான்.

4. உப்பு உங்களை ஏமாற்றும்

எனக்கு அதிக நாள் வீணானது இங்கேதான். இதைச் சொல்லித்தர ஆளும் இல்லை.

வாருகால் தண்ணீரில் அம்மோனியாவையும் பொட்டாசியத்தையும் அளந்து, அம்மோனியா அதிகமாக இருந்தால் கழிப்பறைத் தண்ணீர், பொட்டாசியம் அதிகமாக இருந்தால் துவைத்த, குளித்த தண்ணீர் என்று பிரிப்பது பொதுவான வழி. கடல் இல்லாத ஊருக்குச் சரி. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 390 மில்லிகிராம் வாக்கில் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கிறது. சாக்கடையில் பத்து இருபதுதான் இருக்கும். ஏற்றத்தில் கொஞ்சம் கடல் உள்ளே வந்தாலே கணக்கு தலைகீழ். போரான், ஃப்ளோரைடு வைத்துப் பார்க்கும் முறைகளும் இதே காரணத்தால் கடல் ஏறும் இடத்தில் உதவாது.

ஆகவே இ.சி. மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு வற்றத்தில் வாயிலிருந்து மேல்நோக்கி நடந்து, ஐம்பதடிக்கு ஒரு முறை அளங்கள். கடல் தண்ணீர் 50,000 மைக்ரோசீமென்ஸ் (இ.சி.யின் அலகு) வாக்கில் காட்டும். மேலே போகப் போக இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றுவிடும். கடல் அதுவரைதான் ஏறுகிறது. உங்கள் வேலை எல்லாம் அதற்கு மேலேதான். அந்த இடத்தில் சுவரில் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள்.

அப்புறம், வீட்டுக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரையும் தெருவில் உள்ள போர் தண்ணீரையும் தனித்தனியாக அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பெரும்பாலும் சவர். காவிரித் தண்ணீரின் அளவைவிடச் சில நூறு கூடுதலாக வாருகால் தண்ணீர் காட்டினால் அது புழங்கிய வீட்டுத் தண்ணீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். போரின் அளவுக்கே காட்டினால், நிலத்தடி ஊற்றாகவும் இருக்கலாம், போர் தண்ணீரில் குளிக்கிற வீடாகவும் இருக்கலாம். அந்த இடத்தில் இ.சி.யை நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

இன்னொரு பொறி, எச்.டூ.எஸ். பாட்டில். தண்ணீரை ஊற்றி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கறுப்பாக மாறும், கறுத்தால் மலக்கிருமி உண்டு என்று அர்த்தம். மலிவு, ஐஸ் தேவையில்லை, குடிநீர்க் கிணற்றுக்கு நல்ல சோதனை. கடலோரச் சேறு கலந்த தண்ணீரில் இதை நம்பாதீர்கள். அழுகிய முட்டை வாடை அடிக்கிற அந்தக் கறுப்புச் சேற்றில் சல்பேட்டைச் சல்பைடாக்கும் பாக்டீரியாக்கள் தாமாகவே இருக்கின்றன. ஒரு சொட்டுக் கழிவுநீர் இல்லாமலே பாட்டில் கறுத்துவிடும். நான் பன்னிரண்டு பாட்டில் வைத்தேன், பன்னிரண்டும் கறுத்தன, ஆள் நடமாட்டமே இல்லாத கழிமுகத்தில் பிடித்ததும் சேர்த்து. அப்போதுதான் புத்தி வந்தது.

அம்மோனியாவிலும் கவனம் வேண்டும். கருவாடு காயும் இடம், மீன், நண்டு கழுவும் ஷெட், இறால் பண்ணை வாய்க்கால் எல்லாவற்றிலும் அம்மோனியா வரும். மேல்பக்கம் இதில் ஏதாவது இருந்தால் வேலை நடக்காத நாளாகப் பார்த்துப் போங்கள். பெரும்பாலான மீன்தொட்டிக் கிட்டில் உச்சம் லிட்டருக்கு 8 மில்லிகிராம். செப்டிக் டேங்கிலிருந்து நேராக வரும் தண்ணீரில் பல பத்துகள் இருக்கும். எல்லா மாதிரியும் அடர்பச்சையாகி வித்தியாசம் தெரியாமல் போனால், ஒரு பங்கு மாதிரிக்கு ஒன்பது பங்கு பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் கலந்து பார்த்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்குங்கள்.

5. காடாத்துணி கட்டுங்கள்

சோப்புத்தூளில் துணி வெள்ளையாகத் தெரிய ஒரு பொருள் சேர்க்கிறார்கள். யுவி ஒளி பட்டால் அது நீலவெள்ளையாக மின்னும். பருத்தியில் ஒட்டிக்கொள்ளும் குணமும் உண்டு. வெளுக்காத காடாத்துணியை உள்ளங்கை அளவு வெட்டி, சோப்புப் போடாமல் வெந்நீரில் அலசி, கம்பிவலைக்குள் வைத்து வாருகாலில் நாலு நாள் கட்டிவைத்தால், அந்த வழியே போன வீட்டுத் தண்ணீரின் சாட்சி அதில் பதிந்துவிடும். நள்ளிரவில் மட்டும் திறந்துவிடுகிற ஆளையும் இது பிடிக்கும். மீட்டரால் அது முடியாது.

வெட்டியதும் யுவி டார்ச்சில் பாருங்கள். மின்னினால் அந்தத் துணி வேண்டாம். பாலியஸ்டர் கலந்த துணியும் வெளுத்த மல்லும் முதல் நாளிலிருந்தே மின்னும். ஒரு துண்டைக் கட்டாமல் வீட்டிலேயே எடுத்துவையுங்கள், ஒப்பிட வேண்டும். வெயில் படாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள், வெயிலில் அந்தப் பொருள் சிதைந்துவிடும். எடுத்ததும் வாருகால் தண்ணீரிலேயே சேற்றை அலசிவிட்டு நிழலில் காயவைத்து, இருட்டறையில் கறுப்பு அட்டையின் மேல் வரிசையாக வையுங்கள்.

நான் கடை ஷட்டரை இறக்கி, லைட்டை அணைத்து, பதினாறு துண்டுகளை அடுக்கிப் பார்த்தேன். முதல் ஆறு, மண் நிறத்தில் செத்துக் கிடந்தன. ஏழாவது துண்டின் ஓரத்தில் மட்டும் திட்டுத்திட்டாக நீலம். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, கல்யாண வீட்டு வேட்டி மாதிரி பளீரென்று. கூட நின்ற பையன், "அண்ணே, இதுல யாரு வீட்டு வேட்டி?" என்று கேட்டான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குளியலறை, துவைக்கும் கல் தண்ணீரைத் தெரு வாருகாலில் விடுவது நம் ஊர்களில் சகஜம். துணி மின்னினால் வீட்டுத் தண்ணீர் என்றுதான் அர்த்தம், கழிப்பறைத் தண்ணீர் என்று இல்லை. துணியும் மின்ன வேண்டும், அம்மோனியாவும் உச்சத்துக்குப் போக வேண்டும். அப்படி இரண்டும் சேர்ந்த இடம் எங்கள் தெருவில் மூன்றுதான்.

6. பாதி பாதியாக மேலே ஏறுங்கள்

ஒரு வாருகாலில் இருபது கிளை இருந்தால் இருபதையும் சோதிக்க வேண்டாம். நடுவில் ஓரிடத்தில் பாருங்கள். அங்கே சுத்தமென்றால் தப்பு கீழ்ப்பாதியில், அழுக்கென்றால் மேல்பாதியிலும் உண்டு. அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். நாலைந்து சுற்றில் பத்துப் பதினைந்து வீட்டுக்குள் வந்துவிடலாம்.

ஓட்டம் விட்டுவிட்டு வரும் கிளையில், வாய்க்குக் குறுக்கே சின்ன மணல் மூட்டை போட்டு ஒரு நாள் விட்டால் பின்னால் தண்ணீர் தேங்கியிருக்கும். எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். இதற்கும் மூடி திறப்பதற்கும் பேரூராட்சிச் செயல் அலுவலர் அல்லது நகராட்சி ஆணையரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மூட்டையை எடுக்க மறந்து மழை வந்தால் தெருவே மூழ்கும், பழி உங்கள் மேல்.

இந்தக் கட்டத்தில் இரண்டு பேரைப் பிடித்தால் ஒரு மாத வேலை மிச்சம். ஒருவர், அந்தத் தெருவில் வீடு கட்டிய வயதான கொத்தனார். எந்த வீட்டுக்கு உறிஞ்சுகுழி இல்லை, எங்கே குழாயைத் திருப்பினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இன்னொருவர், செப்டிக் டேங்க் வண்டி ஓட்டுநர். அவரிடம் "யார் வீட்டில் அடிக்கடி எடுக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள். "யார் உங்களைக் கூப்பிடவே இல்லை" என்று கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை எடுக்க வேண்டிய டேங்கைப் பதினைந்து வருடமாகத் திறக்காத வீடென்றால், உள்ளே போனது வேறு வழியாக வெளியே போகிறது.

7. லேப்: பணத்தை இங்கே மட்டும் செலவழியுங்கள்

மேலே சொன்னதெல்லாம் சந்தேகத்தைக் குறுக்கத்தான். அலுவலகத்தில் பேச லேப் ரிப்போர்ட் வேண்டும். ஐந்து அல்லது ஆறு மாதிரி போதும்: சந்தேக இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, கடல் வாயில் ஒன்று, சம்பந்தமே இல்லாத சுத்தமான வாருகாலில் ஒன்று. ஓர் இடத்தில் மட்டும் இரட்டை மாதிரி எடுத்து, வேறு நம்பர் போட்டுக் கொடுங்கள். லேபின் கை எப்படி என்று தெரிந்துவிடும்.

என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள லேபாகப் பாருங்கள். அந்த அங்கீகாரம் நீர் நுண்ணுயிர்ச் சோதனைக்கும் உண்டா என்று சான்றிதழைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சிலர் சிமெண்டு சோதனைக்கு மட்டும் அங்கீகாரம் வாங்கி வைத்திருப்பார்கள். ஒரு மாதிரிக்கு ஈ. கோலைக்கு நான் கொடுத்தது 800 ரூபாய்.

கொடுக்கும்போது வாயால் சொல்லாதீர்கள், தாளில் எழுதிக் கொடுங்கள்: "ஈ. கோலை, மலக்கோலிஃபார்ம், 100 மில்லிக்கு எண்ணிக்கை வேண்டும். சாக்கடை கலந்த மாதிரி, ஆகவே டைல்யூட் செய்து (நீர்த்து) பார்க்கவும்." எழுதாவிட்டால் குடிநீர்ப் பேக்கேஜில் போட்டு "உள்ளது" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார்கள். நீர்க்காமல் செய்தால் எல்லா இடத்துக்கும் "1,600-க்கு மேல்" என்று வரும். என் முதல் ஆறு ரிப்போர்ட்டும் அப்படித்தான், 4,800 ரூபாய் போச்சு. சாக்கடையில் 100 மில்லிக்குப் பத்து லட்சத்துக்கு மேலும் இருக்கும். பத்து லட்சத்தையும் இரண்டாயிரத்தையும் ஒரே மாதிரி காட்டும் ரிப்போர்ட்டை வைத்து எந்தப் பக்கம் போவது?

ஒப்பிட ஓர் எண்: குளிக்கவும் மீன் பிடிக்கவும் உள்ள கடல் பகுதிக்கு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தர அளவு 100 மில்லிக்கு 100 மலக்கோலிஃபார்ம். வாருகாலுக்கு அந்த அளவு பொருந்தாது. ஆனால் வாருகால் விழும் இடத்தில் பாசி எடுக்கிறவர்கள் நிற்கிறார்கள் என்று எழுத அந்த எண் உதவும். கடல் வாயில் எடுத்த மாதிரிக்கு மட்டும் என்டரோகாக்கை என்ற இன்னொரு மலக்கிருமியையும் கேளுங்கள். உப்புத் தண்ணீரில் ஈ. கோலையைவிட அது அதிக நேரம் தாக்குப்பிடிக்கும்.

பாட்டில் லேப் கொடுக்கும் ஸ்டெரைல் பாட்டில்தான். மினரல் வாட்டர் பாட்டில் கூடாது. மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது, முழுக்க நிரப்பாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். பிடித்து ஆறு மணி நேரத்துக்குள் லேபில் சேருங்கள். ராமேசுவரம் பக்கத்திலிருந்து மதுரை லேபுக்கு மூன்றரை, நாலு மணி நேரம் ஆகும் என்பதால் விடியும் முன்பே எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வெள்ளி, சனி வேண்டாம். வளர்த்துப் பார்க்க ஒன்றிரண்டு நாள் ஆகும், ஞாயிறு லேபில் ஆள் இருக்காது.

ஐஸுக்கு நமக்கா குறை? மீன் தெர்மாகோல் பெட்டியும் நொறுக்கைஸும் இருக்கிறதே என்று நானும் எடுத்துவைத்தேன். ஐஸ் உருகி மூடி வழியே இறங்கியது. மீன் இறங்குதளத்து ஐஸில் இல்லாத கிருமியா! பாட்டிலைத் தனியாகப் பிளாஸ்டிக் கவரில் கட்டி, ஐஸையும் வேறு கவரில் கட்டி வையுங்கள். பெட்டி புதுசாக இருக்கட்டும்.

மனிதக் கழிவா மாட்டுக் கழிவா என்று டி.என்.ஏ. வைத்துப் பிரிக்கும் பி.சி.ஆர். சோதனையும் உண்டு. மனிதக் குடலில் மட்டும் அதிகமாக வாழும் பாக்டீரியாவின் அடையாளத்தைத் தேடுவார்கள். மிளகாயைத் தாக்கும் ஒரு வைரஸைத் தேடுவதும் ஒரு முறை. நாம் மிளகாய் தின்கிறோம், அது நம் வயிற்றைக் கடந்து அப்படியே வெளியே வருகிறது. முண்டு மிளகாய் விளையும் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை ஏது என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் செலவு ஆயிரக்கணக்கில். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஏதாவது சேர்ந்துகொண்டால் பாருங்கள். வீட்டைக் கண்டுபிடிக்க இது தேவைப்படாது.

8. வீட்டு வாசலில்: சாயம்

கடைசிப் பத்துப் பதினைந்து வீட்டுக்கு வந்தபின், கழிப்பறையில் சாயம் ஊற்றி வாருகாலில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஃப்ளூரசீன் என்ற பச்சைச் சாயம், ஒரு வீட்டுக்குச் சில கிராம் போதும். வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் ஊற்றாதீர்கள். பேரூராட்சிக்கும் கரையில் உள்ளவர்களுக்கும் முன்னமே சொல்லிவிடுங்கள்; கடல் ஓரம் பச்சையாக மாறினால் வாட்ஸ்அப்பில் வேறு கதை ஓடும். துணிச் சோதனை முழுவதையும் முடித்துவிட்டே சாயத்துக்கு வாருங்கள். இந்தச் சாயமும் யுவியில் மின்னும்.

சந்தேக வரிசையில் என் மாமா வீடும் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "ஏன்டா மாப்ள, கடைசியில என் வீட்டுக் கக்கூஸ்லயே சாயம் ஊத்த வந்துட்டியா?" என்றார். "பதினாலு வீட்லயும் ஊத்துறோம் மாமா. உங்க வீட்ட மட்டும் விட்டா ஊருக்குள்ள நான் நடமாட முடியுமா?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வழி விட்டார். சாயம் ஊற்றி நாலு வாளி தண்ணீர் விட்டு, வாருகால் ஓரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தோம். ஒன்றும் வரவில்லை. மாமா வீடு சுத்தம் என்று நோட்டில் டிக் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, வாருகால் சுவரின் விரிசலிலிருந்து இளம்பச்சையாக ஒரு கோடு இறங்கிக்கொண்டிருந்தது. செப்டிக் டேங்க் என்பது தண்ணீரை ஒன்றிரண்டு நாள் நிறுத்திவைத்து அனுப்பும் தொட்டி. சாயம் அதற்குள் கலந்து, நீர்த்து, மெதுவாகத்தான் வரும். இரண்டு மணி நேரத்தில் வந்தால் டேங்கே இல்லை, நேர்க்குழாய் என்று அர்த்தம். ஆகவே ஒரு வீட்டுக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள், காலையும் மாலையும் பாருங்கள், அதுவரை அடுத்த வீட்டில் ஊற்றாதீர்கள். பதினாலு வீட்டுக்கு நாற்பத்திரண்டு நாள் ஆகுமே என்றால், முதலில் வீட்டுக்காரரோடு டேங்கின் வெளிக்குழாய் எங்கே போகிறது என்று கண்ணால் பாருங்கள். பாதி வீடு அங்கேயே கழிந்துவிடும்.

மாமா ஏமாற்றுக்காரர் இல்லை. நம் மணல் தரையில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், உறிஞ்சுகுழி உறிஞ்சாது, கழிப்பறை பின்வாங்கும். எந்தக் காலத்திலோ கொத்தனார் ஓர் ஓவர்ஃப்ளோ குழாயை வாருகாலில் சொருகிவிட்டுப் போயிருந்தார். இதை மனத்தில் வைத்துப் பேசினால் பத்தில் ஏழு வீட்டில் மனுவே தேவைப்படாது. டேங்கைக் காலி செய்ய வண்டி, குழாயை அடைக்க ஒரு கொத்தனார், உறிஞ்சுகுழியை மேட்டில் மாற்றிக் கட்ட ஒரு வாரம். வண்டி உரிமம் உள்ளதுதானா என்று பார்த்துக் கூப்பிடுங்கள். உரிமமில்லாத வண்டி உங்கள் தெருவிலிருந்து எடுத்ததை அடுத்த ஊர் ஓடையில் கொட்டும்.

9. பேசி முடியாத இடத்துக்கு: காகிதம்

லாட்ஜ், வணிக வளாகம், உடைந்த பாதாளச் சாக்கடைக் குழாய் என்றால் பேச்சு போதாது. மனுவில் இவை இருக்கட்டும்: வாருகால் வரைபடம் (கையால் வரைந்தது போதும்), தேதி, நேரம், ஏற்றமா வற்றமா, கடைசி மழை எப்போது என்ற அட்டவணை, இடக்குறியீடு பதிந்த புகைப்படம், லேப் ரிப்போர்ட்டின் நகல். மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள், ஜெராக்ஸ் கடைக்காரன் சொல்கிறேன், கேளுங்கள். உள்ளாட்சி அலுவலகத்துக்கு ஒன்று, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒன்று, ஆட்சியருக்குத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஒன்று. நகலில் முத்திரையும் மனு எண்ணும் வாங்காமல் திரும்பாதீர்கள். முதல்வர் உதவி எண் 1100-இலும் பதியலாம்.

உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே வழக்கில் தண்டனை வாங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, வாரியம் முறைப்படி அறிவிப்புக் கொடுத்து எடுத்த மாதிரிதான் அந்தச் சட்ட நடவடிக்கைக்குச் செல்லும். உங்கள் ரிப்போர்ட்டின் வேலை, அவர்களை அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு வரவைப்பது. ஆகவே மனுவில் "காலை 6 மணிக்கு வந்து மாதிரி எடுக்கவும்" என்று நேரத்தோடு எழுதுங்கள். எங்களுக்கு வந்தவர்கள் முதல் முறை பிற்பகல் மூன்றுக்கு வந்து காய்ந்த வாருகாலைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மழைநீர் வடிகால் வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, பக்கத்துக்கு 2 ரூபாய், 30 நாளில் பதில். "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: வரைபட நகல், செப்டிக் வண்டி உரிமப் பட்டியல், வண்டி நடைப் பதிவேடு. இந்த மனுவை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். நான் ஏழாவது மாதத்தில் போட்டேன். வந்த வரைபடத்தில், நான் நாலு மாதமாகத் தேடிய கிளை தெளிவாக வரையப்பட்டிருந்தது.

பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதானால், பிரச்சினை எழுந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும். தென்மண்டல அமர்வு சென்னையில்.

10. அடைத்தபின் எப்போது மறுபடி பார்ப்பது

குழாயை அடைத்த மறுநாளே லேபுக்கு ஓடாதீர்கள். வாருகாலின் அடிச்சேற்றிலும் சுவர் வழவழப்பிலும் பாக்டீரியா வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். எண் இறங்காது, அடைத்தவருக்கும் உங்களுக்கும் சண்டை வரும். அம்மோனியா கிட்டை மட்டும் மூன்றாம் நாள் வைத்துப் பாருங்கள், அது உடனே இறங்கிவிடும். சேற்றை வாரச் சொல்லுங்கள். வாரிய சேற்றைக் கரையில் குவித்துவிட்டுப் போனால் அடுத்த ஏற்றத்தில் அது கடலுக்குத்தான் போகும், நின்று ஏற்றிவிடுங்கள். மூன்று வாரம் கழித்துப் புதுக் காடாத்துணி, அதே பழைய இடங்களில், அதே நாலு நாள். அது மங்கலாக வந்தால் அப்போது லேபுக்கு இரண்டே மாதிரி.

அப்புறம் ஐப்பசியில் முதல் நல்ல மழை. பொதுவாக, ஓட ஆரம்பித்த முதல் அரை மணி நேரத்துத் தண்ணீர்தான் மிக அழுக்கு, அதில் ஒன்று. மூன்று மணி நேரம் கழித்து இன்னொன்று. ஆனால் எங்கள் வாருகாலில் இரண்டாவது மாதிரி முதலாவதைவிட மோசமாக வந்திருக்கிறது. மழையில் நிலத்தடி நீர் ஏறி எங்கோ ஒரு டேங்க் நிரம்பி வழிகிறது என்று அர்த்தம். மறுபடியும் ஆறாவது படியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கிறோம், இந்த முறை மாமாவும் கூட வருகிறார், குடையோடு.